பீகிள்போன் பிளாக்கிற்கு முழு லினக்ஸையும் நாமே கிராஸ் கம்பைல் செய்ய வேண்டுமா?

வாசகர் கேள்வி: பிப்ரவரி 3, 2024

"பீகிள்போன் பிளாக் என்ற சிறிய போர்டு கணினியில் டெபியன் லினக்ஸ் நன்றாகவே ஓடுகிறது. ஜிசிசி கம்பைலர், மேக், கிட் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ள முடிகிறது. போர்டிலேயே கம்பைல் செய்து போர்டிலேயே ஓட்ட வழி இருக்கும்போது, மடிக்கணினியில் பில்ட்ரூட் என்ற, முழு லினக்ஸ் சிஸ்டத்தையும் மூலநிரலிலிருந்து கட்டும் கருவியை இறக்கி, முதலில் கம்பைலரையே கம்பைல் செய்து, கெர்னல் முதல் ஷெல் வரை அத்தனையையும் கிராஸ் கம்பைலாக, அதாவது வேறொரு கணினியில் போர்டுக்காக உருவாக்கி, எஸ்டி கார்டில் எழுதும் வேலை எதற்கு? நினைவகம் பற்றாத காலத்துப் பழக்கம் இது என்பது என் கருத்து."

பிப்ரவரி 3, 2024, இரவு

பாதி சரி. ஒரு சென்சாரின் அளவைப் படித்துப் பார்க்கச் சின்னதாக ஒரு சி நிரல் எழுதுகிறீர்கள் என்றால் போர்டிலேயே கம்பைல் செய்வதுதான் விரைவான வழி. அதற்காக பில்ட்ரூட்டைத் தொட வேண்டியதில்லை. அந்த போர்டு உங்கள் மேசையை விட்டு வெளியே போய், யாரோ ஒருவரின் கட்டடத்தில் பல ஆண்டுகள் ஓடப் போகிறது என்றால் கேள்வியே வேறாகிவிடும்.

எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் வேகம். பீகிள்போன் பிளாக்கில் இருப்பது 1 ஜிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒற்றை கார்டெக்ஸ்-ஏ8 கோர், 512 எம்பி நினைவகம். பெரிய சி++ லைப்ரரி ஒன்றை லிங்க் செய்யும் (கம்பைல் செய்த துண்டுகளை ஒன்றாக இணைக்கும்) கட்டத்தில் நினைவகம் தீர்ந்து, கெர்னலே கம்பைலரை நிறுத்திவிடும். கார்டின் ஒரு பகுதியை நினைவகம் போலப் பயன்படுத்தும் ஸ்வாப் வைத்தால் வேலை முடியும். எஸ்டி கார்டு தேயும். ஆனால் வேகத்தை நான் இரண்டாவது காரணமாகத்தான் வைப்பேன்.

முதல் காரணம், நீங்கள் கொடுத்த கருவிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்பது. குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் கருவி ஒன்றை நான் பொறுப்பேற்றபோது, அதற்கு முன்பு அதைச் செய்தவர்கள் ஒரு கார்டில் டெபியனை நிறுவி, வேண்டியதையெல்லாம் கையால் சேர்த்து, அந்தக் கார்டைப் படியெடுத்துப் படியெடுத்தே எல்லாக் கருவிகளையும் அனுப்பியிருந்தார்கள். ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரியில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. மூலக் கார்டு எது, அதில் எந்தத் தொகுப்பு எந்த நாளில் எந்தப் பதிப்பாக இறங்கியது, யாரோ கையால் திருத்திய அமைப்புக் கோப்புகள் எவை என்ற ஒன்றுக்கும் பதில் இல்லை. கார்டு இருந்தது; அதை உருவாக்கும் வழி எங்கும் எழுதப்படவில்லை.

பில்ட்ரூட்டில் அந்த வழிதான் முதலில் எழுதப்படுகிறது. நம் தேர்வுகளைப் பதிந்துவைக்கும் ஒரு டெஃப்கான்ஃபிக் கோப்பு, கெர்னல் அமைப்புக் கோப்பு, நம் சொந்தக் கோப்புகளை மேலே பரப்பும் ஓவர்லே கோப்புறை, இறக்கிய மூலநிரல்களைச் சேமித்துவைத்த கோப்புறை ஆகிய நான்கும், எந்த பில்ட்ரூட் பதிப்பு என்ற குறிப்பும் இருந்தால், வேறொருவர் வேறொரு கணினியில் அதே சிஸ்டத்தை மீண்டும் உருவாக்கலாம். நினைவகம் எவ்வளவு மலிந்தாலும் இந்தத் தேவை குறையாது.

பிப்ரவரி 4, 2024

எதையும் கம்பைல் செய்வதற்கு முன், 3.3 வோல்ட் யூஎஸ்பி-சீரியல் கேபிள் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். போர்டில் ஜே1 என்று குறித்திருக்கும் ஆறு முனை இணைப்பில் அதைச் செருகி, 115200 வேகத்தில் திறக்க வேண்டும். 5 வோல்ட் கேபிளைச் செருகக் கூடாது. உள்ளீட்டு முனைகள் அதைத் தாங்கா. இந்தக் கேபிள் இல்லாமல் சொந்த கெர்னலை முயல்பவருக்கு எரியும் எல்இடி ஒன்றைத் தவிர வேறெந்தத் தகவலும் கிடைக்காது.

பிப்ரவரி 6, 2024

"கம்பைலரை ஏன் கம்பைல் செய்ய வேண்டும்" என்ற இடத்துக்குத் தனியாகவே பதில் சொல்ல வேண்டும். பலர் அங்கேதான் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

உங்கள் மடிக்கணினியில் உள்ள ஜிசிசி, அதன் பிராசசருக்குரிய எக்ஸ்86 கட்டளைகளை மட்டுமே எழுதும். போர்டின் பிராசசருக்குரிய ஆர்ம் கட்டளைகளை எழுதும் ஜிசிசி ஒன்று வேண்டும்; ஆனால் அது ஓட வேண்டியது எக்ஸ்86 கணினியில். அதற்கும் ஒரு சி லைப்ரரி துணை வேண்டும், அந்த லைப்ரரியோ ஆர்மில் ஓட வேண்டியது, ஆகவே அதை உருவாக்க இன்னும் முழுமையடையாத அந்தக் கம்பைலரே வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் வேலை படிப்படியாக நடக்கிறது: முதலில் அசெம்பிளரும் லிங்கரும் அடங்கிய பின்யூடில்ஸ், அடுத்து சி லைப்ரரியின் துணையில்லாமல் சி மொழியை மட்டும் அறிந்த அரைகுறை ஜிசிசி, பிறகு கெர்னல் ஹெடர் கோப்புகள் (கெர்னலின் இடைமுக அறிவிப்புகள்), அந்த அரைகுறைக் கம்பைலரைக் கொண்டு சி லைப்ரரி, கடைசியாக அந்த லைப்ரரியைச் சார்ந்த முழு ஜிசிசி. பில்ட்ரூட்டோ, கம்பைலரை மட்டும் கட்டித் தரும் கிராஸ்டூல்-என்ஜியோ இதைத்தான் நமக்காகச் செய்கிறது. ஒருமுறையாவது அந்த ஓட்டத்தைத் திரையில் நின்று பார்ப்பது பயன் தரும். ஜிசிசி என்ற பெயர் ஏன் இரண்டு தடவை வருகிறது என்பது புரிந்துவிட்டால் பின்னால் வரும் பிழைகளில் பாதி புரிந்துவிடும்.

இதில் கெர்னல் ஹெடர்களின் பதிப்பைக் கவனிக்க வேண்டும். ஹெடர்கள் போர்டில் ஓடும் கெர்னலைவிடப் புதியவையாக இருக்கக் கூடாது. பில்ட்ரூட் ஜிலிப்சி என்ற சி லைப்ரரியைக் கட்டும்போது, ஹெடர் பதிப்புக்குக் கீழான கெர்னலில் ஓட வேண்டாம் என்று அதனிடம் சொல்லிவிடுகிறது. புதிய ஹெடர்களோடு கட்டிய சிஸ்டத்தைப் பழைய கெர்னலில் ஏற்றினால், கெர்னல் முதலில் ஓட்டும் நிரலான இனிட் தொடங்கும் முதல் நொடியிலேயே "ஃபேட்டல்: கெர்னல் டூ ஓல்டு" என்று எழுதிவிட்டு நின்றுவிடும். பழைய ஹெடர், புதிய கெர்னல் என்ற சேர்க்கையில் எந்தத் தொல்லையும் இல்லை.

பிப்ரவரி 9, 2024

ஒருவர் கேட்டிருக்கிறார்: நிரலை போர்டுக்கு நகலெடுத்து, இயங்கும் உரிமையும் கொடுத்தாகிவிட்டது, பட்டியலிட்டால் கோப்பு கண்ணுக்குத் தெரிகிறது, ஓட்டினால் மட்டும் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்கிறதே, ஏன்?

ஷெல் சொல்லும் "இல்லாத கோப்பு" உங்கள் நிரல் அன்று. டைனமிக்காக லிங்க் செய்த (லைப்ரரிகளை ஓடும்போது இணைத்துக்கொள்ளும்) ஒவ்வொரு நிரலுக்குள்ளும், தன்னை நினைவகத்தில் ஏற்ற வேண்டிய லோடரின் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். கெர்னல் நிரலைத் திறந்து, அந்தப் பாதையைப் படித்து, அங்கே லோடரைத் தேடுகிறது. அது கிடைக்காவிட்டால் "கோப்பு இல்லை" என்ற பிழையை ஷெல்லிடம் திருப்பித் தருகிறது; ஷெல் அதை உங்கள் நிரலின் பெயருக்குப் பக்கத்தில் அச்சிடுகிறது.

ஆர்மில் இந்த லோடர் பெரும்பாலும் மூன்று பெயர்களில் வரும். மிதவைப் புள்ளி எண்களை வன்பொருள் ரெஜிஸ்டர்களில் கடத்தும் ஹார்டு ஃப்ளோட் ஜிலிப்சி என்றால் பெயரில் "ஆர்ம்எச்எஃப்" என்ற ஒட்டு இருக்கும். பழைய சாஃப்ட் ஃப்ளோட் ஜிலிப்சி என்றால் அந்த ஒட்டு இல்லை. மசில் என்ற சிறிய சி லைப்ரரி என்றால் பெயரிலேயே "மசில்" இருக்கும். பில்ட்ரூட்டில் மசிலைத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய சிஸ்டத்தில், உபுண்டுவின் ஆயத்தக் கம்பைலரால் உருவாக்கிய நிரலைப் போட்டால் இந்தப் பிழை வந்தே தீரும்.

மடிக்கணினியிலேயே ரீட்எல்ஃப் கருவியிடம் நிரலின் புரோகிராம் ஹெடர்களைக் கேளுங்கள். "ரிக்வெஸ்டிங் புரோகிராம் இன்டர்பிரட்டர்" என்ற வரியில் அது தேடும் பாதை அப்படியே இருக்கும். போர்டின் லிப் கோப்புறையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாறியிருந்தால் சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் பெயர்) போட்டு ஏமாற்ற வேண்டாம். ஹார்டு ஃப்ளோட் நிரலுக்கு சாஃப்ட் ஃப்ளோட் லோடரைக் காட்டினால், பிழை இப்போது நிற்கும் இடத்தை விட்டு இன்னும் மோசமான இடத்துக்கு நகரும்.

பிப்ரவரி 10, 2024

மேற்குறிப்பைப் படித்த ஒருவர், "அப்படியானால் ஆர்ம்எச்எஃப் என்று இருந்தால் எந்த போர்டுக்கு உருவாக்கியதும் எந்த போர்டிலும் ஓடும், அப்படித்தானே" என்கிறார். அப்படி இல்லை, நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

லோடர் பெயர் ஒத்துப்போவது என்பது ஃபங்ஷன்களுக்கு இடையே மதிப்புகளைக் கடத்தும் முறை ஒத்துப்போவது மட்டுமே. கட்டளைத் தொகுதி ஒத்துப்போக வேண்டும் என்பது தனிச் செய்தி. 2015இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பை 2இல் இருப்பது கார்டெக்ஸ்-ஏ7. அதில் முழு எண் வகுத்தலுக்கு வன்பொருளிலேயே கட்டளைகள் உண்டு. பீகிள்போனின் கார்டெக்ஸ்-ஏ8இல் அவை இல்லை. அங்கே கம்பைலர் வகுத்தலுக்கு ஜிசிசியின் துணை லைப்ரரியான லிப்ஜிசிசியில் உள்ள ஒரு துணை ஃபங்ஷனை அழைக்கும். ஏ7க்கென்று கம்பைல் செய்த நிரல் பீகிள்போனில் அழகாகத் தொடங்கும், வரவேற்புச் செய்தியைக்கூட அச்சிடும், முதல் வகுத்தலில் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று விழும். ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் விழுந்த இடத்தின் கட்டளையைக் கேட்டால் "யூடிவ்" அல்லது "எஸ்டிவ்" என்று நிற்கும். இதைப் பார்த்தவுடன் நிரலின் தர்க்கத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கம்பைலருக்குக் கொடுத்த பிராசசர் பெயரைத் திருத்துங்கள்.

எதிர்த்திசையில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. முதல் ராஸ்பெர்ரி பையில் ஹார்டு ஃப்ளோட்டுக்கான வன்பொருள் இருந்தது. ஆனால் பிராசசர் ஆர்ம்வி6. டெபியனின் ஆர்ம்எச்எஃப் பதிப்போ ஆர்ம்வி7க்கு மேல் என்று கட்டப்பட்டது. அதனால்தான் 2012இல் ராஸ்பியன் என்று முழு டெபியனையும் ஆர்ம்வி6க்காகத் திரும்பக் கம்பைல் செய்ய நேர்ந்தது.

பிப்ரவரி 17, 2024

இனி இந்த வேலையின் மையம். கிராஸ் கம்பைல் என்பது இரண்டு கணினிகளின் பொருள்களை ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது. மற்ற எல்லாம் இதன் கிளைகள். சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனிப் பாத்திரம் வைத்திருக்கும் வீட்டில் ஒரு கரண்டி மாறினால் போதும் என்பது போல, மடிக்கணினியின் ஒரே ஒரு ஹெடர் கோப்பு உள்ளே வந்தால் போதும்.

பில்ட்ரூட்டின் அவுட்புட் கோப்புறையைப் பார்த்தால் இந்தப் பிரிவு கண்ணுக்குத் தெரியும். ஹோஸ்ட் என்ற கோப்புறையில் உங்கள் கணினியில் ஓடும் கருவிகள் இருக்கும். ஆர்முக்கான ஹெடர்களும் லைப்ரரிகளும் அடங்கிய சிஸ்ரூட்டும் அதற்குள்ளேதான். டார்கெட் என்பதில் போர்டுக்குப் போக வேண்டியவை. இமேஜஸ் என்பதில் கார்டில் எழுத வேண்டியது. டார்கெட் கோப்புறைக்குள் "இது உங்கள் ரூட் ஃபைல்சிஸ்டம் அன்று" என்று பெயரிட்ட ஒரு கோப்பையே வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே கார்டில் நகலெடுக்கக் கூடாது, ஏனென்றால் உரிமையாளர், டிவைஸ் கோப்புகள், சிறப்பு அனுமதிகள் எல்லாம் இமேஜ் உருவாகும் தருணத்தில் ரூட் உரிமை இருப்பது போல நடிக்கும் ஃபேக்ரூட்டின் கீழ்தான் சேர்க்கப்படுகின்றன.

கலப்பு நடக்கும் வழிகளில் பிகேஜி-கான்ஃபிக் முதன்மையானது. ஒரு லைப்ரரி எங்கே இருக்கிறது என்று அதைக் கேட்டால், சும்மா விட்டால் அது மடிக்கணினியின் யூஎஸ்ஆர் கோப்புறையைக் காட்டும். பில்ட்ரூட் தன் சொந்த பிகேஜி-கான்ஃபிக்கை வைத்து, சிஸ்ரூட்டுக்குள் மட்டுமே தேடும்படி செய்கிறது. அதையும் மீறி ஒரு மேக்ஃபைலில் யாராவது யூஎஸ்ஆர் இன்க்ளூட் பாதையை நேரடியாக எழுதியிருந்தால், பில்ட்ரூட்டின் கம்பைலர் உறை "அன்சேஃப் ஹெடர்/லைப்ரரி பாத்" என்று சொல்லி வேலையை நிறுத்திவிடும். இந்த நிறுத்தத்தை எரிச்சலாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது மிகப் பெரிய உதவி. லைப்ரரி மாறி வந்தால் லிங்கரே மறுத்துவிடும். ஹெடர் மாறி வந்தால் பல சமயம் எதுவும் மறுக்காது. 64 பிட் கணினிக்கென எழுதப்பட்ட ஒரு ஸ்ட்ரக்சரின் அளவு 32 பிட் நிரலுக்குள் நுழைந்து, போர்டில் எப்போதோ ஒருநாள் தவறான எண்ணாக வெளியே வரும்.

இரண்டாவது வழி, கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகள். ஒரு வசதி இருக்கிறதா என்று அறிய இவை சிறு நிரலைக் கம்பைல் செய்து ஓட்டிப் பார்க்கும். ஆர்ம் நிரலை எக்ஸ்86இல் ஓட்ட முடியாது. அப்போது ஸ்கிரிப்ட் ஊகிக்கிறது, மோசமானதை ஊகிக்கிறது. இதன் மிகப் பழகிய விளைவு "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் டு ஆர்பிஎல் மேலாக்" என்ற பிழை. பூஜ்ய அளவு கேட்டால், நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷனான மேலாக் என்ன தருகிறது என்பதை ஓட்டிப் பார்க்க முடியாததால், போர்டின் மேலாக் பழுதானது என்று ஸ்கிரிப்ட் முடிவுசெய்து, எல்லா மேலாக் அழைப்பையும் ஆர்பிஎல் மேலாக் என்று மாற்றிவிடுகிறது. அந்தப் பெயரில் ஒரு ஃபங்ஷன் எங்கும் எழுதப்படவில்லை. கான்ஃபிகருக்கு விடையை முன்கூட்டியே ஒரு கேஷ் மாறியாகக் கொடுத்துவிட்டால் பிழை மறையும். பில்ட்ரூட் தன் தொகுப்புகளுக்கு இதைத் தானே கொடுக்கிறது. கையால் தனி நிரலைக் கட்டுகிறவர்கள்தான் இதில் சிக்குகிறார்கள்.

நிரலைக் கட்ட சீமேக் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் டூல்செயின் கோப்பில் லைப்ரரி, இன்க்ளூட் தேடல் இரண்டையும் சிஸ்ரூட்டுக்குள் மட்டும் என்றும், நிரல் தேடலை மட்டும் கணினியில் என்றும் அமையுங்கள். பில்ட்ரூட் இந்தக் கோப்பை ஹோஸ்ட் கோப்புறையில் தானே எழுதி வைக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு போர்டு தயாரிப்பாளர் எங்களுக்குக் கொடுத்த எஸ்டிகே என்ற மென்பொருள் கருவித் தொகுப்பில் இந்தப் பிரிவு எதுவுமே இல்லை. ஒரு குறிப்பிட்ட பழைய உபுண்டுவில் மட்டும் ஓடும் ஸ்கிரிப்ட், மூலநிரல் இல்லாத லைப்ரரிகள், யாரோ ஒருவரின் ஹோம் கோப்புறையின் பாதை பொறிக்கப்பட்ட மேக்ஃபைல்கள். அந்தக் கணினியின் படம் ஒன்றைத் தயாரிப்பாளர் அனுப்பிய பிறகுதான் வேலை நடந்தது. போர்டை வாங்கும் முன், அதன் பெயரில் பில்ட்ரூட்டுக்குள் ஒரு டெஃப்கான்ஃபிக் இருக்கிறதா என்று நான் பார்ப்பது அதற்குப் பிறகு வந்த பழக்கம். பீகிள்போனுக்கு இருக்கிறது.

பிப்ரவரி 18, 2024

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக முயல்பவர்களுக்கு: "யுவர் பாத் கன்டெய்ன்ஸ் ஸ்பேசஸ்" என்று பில்ட்ரூட் மறுப்பது, விண்டோஸின் "புரோகிராம் ஃபைல்ஸ்" போன்ற பாதைகள் லினக்ஸின் பாத் மாறிக்குள் வந்துவிடுவதால். டபிள்யூஎஸ்எல் அமைப்பில் விண்டோஸ் பாதைகளைச் சேர்ப்பதை நிறுத்துங்கள். மூலநிரலை விண்டோஸ் வட்டில் வைக்காமல் லினக்ஸ் பக்கத்தில் வையுங்கள்; வேகமும் கூடும், எழுத்தின் பெரிய சிறிய வடிவத்தால் வரும் சிக்கலும் இராது.

மார்ச் 2, 2024

பூட் ஆவது பற்றி. "கார்டில் எழுதினேன், போட்டேன், பழைய டெபியனே வருகிறது" என்ற கேள்விதான் அதிகம் வந்திருக்கிறது.

பீகிள்போனில் மின்சாரம் வந்தவுடன் ஓடுவது சிப்புக்குள் நிலையாகப் பொறிக்கப்பட்ட ரோம் நிரல். அது முதலில் போர்டிலேயே பதித்த சேமிப்பகமான இஎம்எம்சியைப் பார்க்கும், அங்கே கிடைக்காவிட்டால்தான் எஸ்டி கார்டு, பிறகு சீரியல், பிறகு யூஎஸ்பி. எஸ்2 என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் இஎம்எம்சி வரிசையிலிருந்தே விலகிவிடும். இந்தப் பொத்தான் மின்சாரம் வரும் தருணத்தில் மட்டுமே கவனிக்கப்படுகிறது. ரீசெட்டை அழுத்தும்போது எஸ்2ஐப் பிடித்திருப்பதால் பயனில்லை.

முதன்மை நினைவகமான டிடிஆர் இன்னும் தயாராகாத நிலையில் ரோம் நிரல் சிப்புக்குள் இருக்கும் சிறிய நினைவகத்தில்தான் அடுத்த கட்டத்தை ஏற்ற முடியும். அதன் எல்லை 109 கேபி. கெர்னலை ஏற்றும் நிரலான யூ-பூட் முழுதாக அதில் அடங்காது. ஆகவே எம்எல்ஓ என்ற சிறிய கோப்பு முதலில் வந்து, டிடிஆரைத் தயார்செய்து, முழு யூ-பூட்டை அதில் ஏற்றுகிறது. யூ-பூட் கெர்னலையும், அதன் கூடவே போர்டின் வன்பொருள் விவரம் அடங்கிய டிவைஸ் ட்ரீ கோப்பையும் ஏற்றுகிறது. சீரியல் திரையில் "சி" என்ற எழுத்து மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தால் ரோம் நிரலுக்கு எம்எல்ஓ கிடைக்கவில்லை, சீரியல் வழியாக அனுப்பச் சொல்லிக் காத்திருக்கிறது என்று பொருள். கார்டின் முதல் பகுதி ஃபேட் வகையா, பூட் குறி இடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் மறைவான சிக்கல் ஒன்று உண்டு. எஸ்2ஐ அழுத்தாமல் தொடங்கினால், இஎம்எம்சியில் உள்ள பழைய யூ-பூட் எழுந்து, செருகியிருக்கும் கார்டிலுள்ள கெர்னலைத் தேடி எடுத்து ஏற்ற முயலலாம். பழைய யூ-பூட், புதிய கெர்னல் என்ற கலவையில் சிஸ்டம் ஓடிவிடவும் கூடும், உங்கள் யூ-பூட்டைச் சோதித்துவிட்டதாக நீங்கள் நம்பிவிடவும் கூடும். சீரியல் திரையின் முதல் வரியில் யூ-பூட்டின் பதிப்பும் அது கம்பைல் செய்யப்பட்ட தேதியும் நேரமும் இருக்கும். அந்தத் தேதி உங்களுடையதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

கெர்னல் 6.5க்கு மேல் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 32 பிட் ஆர்மின் டிவைஸ் ட்ரீ மூலக்கோப்புகள் அந்தப் பதிப்பில் தயாரிப்பாளர் வாரியாகத் துணைக் கோப்புறைகளுக்குப் பிரிக்கப்பட்டன. பீகிள்போனுடையது இப்போது டிஐ என்பதற்குள் ஓமேப் என்பதற்குள் இருக்கிறது. பழைய டெஃப்கான்ஃபிக்கில் பெயர் மட்டும் இருந்தால், கெர்னல் கட்டும் கடைசிக் கட்டத்தில் அந்தக் கோப்பை உருவாக்க விதி இல்லை என்று நின்றுவிடும்.

மார்ச் 3, 2024

நேற்றைய குறிப்பில் விட்டது. கெர்னல் செய்திகள் எல்லாம் வந்து முடிந்து, லாகின் கேட்காமல் திரை அமைதியாகிவிட்டால், பெரும்பாலும் சிஸ்டம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய ஓமேப் சீரியல் டிரைவரில் போர்ட்டின் பெயர் "டிடிஒய்ஓ0". 8250 அடிப்படையிலான இப்போதைய டிரைவரில் "டிடிஒய்எஸ்0". லாகின் கேட்கும் நிரலான கெட்டி பழைய பெயரில் காத்திருக்கிறது, நீங்கள் புதிய பெயரின் முன் உட்கார்ந்திருக்கிறீர்கள். பில்ட்ரூட்டின் சிஸ்டம் அமைப்புப் பகுதியில் பெயரை மாற்றுங்கள்.

"அன்ஏபிள் டு மவுன்ட் ரூட்" என்று கெர்னல் பேனிக் ஆகி நின்றால், யூ-பூட் கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில், கார்டுக்காகக் காத்திருக்கச் சொல்லும் ரூட்வெயிட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்டு அடையாளம் காணப்படுவதற்குள் கெர்னல் அவசரப்பட்டுத் தேடிவிடுகிறது.

மார்ச் 16, 2024

எந்த சி லைப்ரரி என்று கேட்டவருக்கு. சிறிய சிஸ்டம் என்றால் மசில் என்றே நெடுங்காலம் சொல்லிவந்தேன். இப்போது அந்தக் கருத்தில் தளர்ந்திருக்கிறேன். மூடிய மூலநிரலாக வரும் பெரும்பாலான லைப்ரரிகள், கிராஃபிக்ஸ் டிரைவர் உட்பட, ஜிலிப்சியை எதிர்பார்த்தே வருகின்றன. 4 ஜிபி இஎம்எம்சி உள்ள போர்டில் சில எம்பிகளை மிச்சப்படுத்துவதற்காக அந்தக் கதவை மூடுவது பொருந்தாது.

ஆனால் மறுபக்கமும் வலுவாக இருக்கிறது. 32 பிட் கணினிகளில் நேரத்தைக் குறிக்கும் எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். மசில் 1.2.0 பதிப்பிலேயே, 2020இல், 64 பிட் நேரத்துக்கு மாறிவிட்டது. ஜிலிப்சி 2021இல் வந்த 2.34 பதிப்பில் வசதியைத் தந்தது. ஆனால் 32 பிட் ஆர்மில் அதைக் கம்பைல் செய்யும்போது கேட்டு வாங்க வேண்டும், ஒரு லைப்ரரியின் இடைமுகத்தில் நேர எண் வந்தால் அதைப் பயன்படுத்தும் எல்லா நிரலும் ஒரே மாதிரி கேட்டிருக்க வேண்டும். டெபியன் தன் ஆர்ம்எச்எஃப் பதிப்பில் இந்த மாற்றத்தை 2024இல் செய்தது, எத்தனை தொகுப்புகள் அசைந்தன என்று பாருங்கள். முழு சிஸ்டத்தையும் ஒரே இடத்தில் மூலத்திலிருந்து கட்டுகிறவருக்கு எல்லாவற்றையும் ஒரே சீராக மாற்றுவது எளிது. முதல் கேள்விக்கு இது இன்னொரு பதில். இன்று நிறுவும் கருவி 2038இலும் ஒரு சுவரில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

நேரம் என்று வந்ததால்: பீகிள்போனில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் இல்லை. மின்சாரம் போய் வந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும், பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மறுக்கப்படும், கருவி சர்வரோடு பேசாது. மின்வெட்டு வழக்கமாக உள்ள இடத்தில் இதுதான் முதல் புகாராக வரும். என்டிபி வழியாக வலையிலிருந்து நேரம் பெற்று முடிந்த பிறகே உங்கள் நிரல் தொடங்கும்படி இனிட் வரிசையை அமையுங்கள், அல்லது போர்டின் ஐ2சி இணைப்பு வழியாக ஒரு கடிகாரச் சிப்பைச் சேருங்கள்.

மார்ச் 23, 2024

பில்ட்ரூட்டைப் போன்ற இன்னொரு கருவியான யோக்டோவா, பில்ட்ரூட்டா என்று கேட்டால், ஒரு போர்டு, ஒரு தயாரிப்பு, சிறு குழு என்றால் பில்ட்ரூட். பல போர்டுகள், பல வகைகள், களத்திலேயே தனித்தனித் தொகுப்பாகப் புதுப்பிக்கும் தேவை என்றால் யோக்டோ. யோக்டோவுக்கு 50 ஜிபிக்கு மேல் வட்டு இடமும், அதன் கட்டும் கருவியான பிட்பேக்குக்கு எழுதும் முறையைக் கற்கும் பொறுமையும் வேண்டும். அதற்கு ஈடாக, மாறியதை மட்டும் திரும்பக் கட்டும் திறமை அதற்கு உண்டு.

பில்ட்ரூட்டில் அது இல்லை என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மெனுவில் ஒரு தொகுப்பின் தேர்வை நீக்கினாலும், ஏற்கெனவே டார்கெட்டுக்குள் போன அதன் கோப்புகள் அங்கேயே இருக்கும். டூல்செயினைத் தொட்டால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். வெளியே அனுப்பும் இமேஜ் எதையும் சுத்தமான நிலையிலிருந்து முழுமையாகக் கட்டியே அனுப்புங்கள். கம்பைல் செய்த முடிவுகளைச் சேமித்துவைக்கும் சிகேஷை இயக்கிவைத்தால் அந்த முழுக் கட்டுமானம் தாங்கக்கூடியதாகிவிடும்.

மார்ச் 24, 2024

உரிமங்கள் பற்றி ஒரு பத்தி. அடிப்படைக் கட்டளைகளைத் தரும் பிசிபாக்ஸும் கெர்னலும் ஜிபிஎல் பதிப்பு 2 உரிமத்தில் வருபவை. கருவியை விற்றால், அந்த பைனரிகளுக்குரிய மூலநிரலையும் கட்டும் ஸ்கிரிப்டுகளையும் கேட்பவருக்குக் கொடுக்கும் கடமை உங்களுக்கு உண்டு. பில்ட்ரூட்டில் லீகல்-இன்ஃபோ என்ற இலக்கை ஓட்டினால் எல்லா உரிம உரைகளையும் மூலநிரல்களையும் ஒரே இடத்தில் சேர்த்துத் தரும். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூலநிரல் 2003இல் வெளியிடப்பட்டதிலிருந்துதான் ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. இந்தக் கடமையைச் சுமையாக மட்டும் பார்க்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். நாம் பயன்படுத்தும் பலவும் யாரோ அதை நிறைவேற்றியதால் கிடைத்தவை.

ஏப்ரல் 6, 2024

முதலில் கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: "டெபியனை விட எனக்கு மனமில்லை. என் நிரலை மட்டும் மடிக்கணினியில் கிராஸ் கம்பைல் செய்து போர்டின் டெபியனில் போடலாமா?"

தாராளமாக. உபுண்டு 22.04இல் ஆர்ம்எச்எஃப் கம்பைலரை நிறுவிக் கட்டினால், டெபியன் 11 ஓடும் போர்டில் "ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்டு" என்று வரும். உபுண்டுவில் இருப்பது ஜிலிப்சி 2.35, டெபியன் 11இல் 2.31. புதிய ஜிலிப்சியோடு லிங்க் செய்த நிரல் தன் தொடக்க ஃபங்ஷனுக்கே 2.34 என்ற முத்திரையைக் கேட்கிறது. பழையதில் கட்டிப் புதியதில் ஓட்டலாம், மறுபுறம் ஆகாது.

ஆகவே மடிக்கணினியில் டெபியன் 11 கன்டெய்னர் (தனிச் சிஸ்டம் போலப் பிரித்து ஓடும் சூழல்) ஒன்றை எடுங்கள். தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜியில் ஆர்ம்எச்எஃப் கட்டமைப்பைக் கூடுதலாகச் சேர்த்து, கிராஸ்பில்ட்-எசென்ஷியல் தொகுப்பை அதற்குள் நிறுவி, உங்கள் நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளின் டெவ் தொகுப்புகளை ஆர்ம்எச்எஃப் ஒட்டோடு இறக்குங்கள். அந்தக் கன்டெய்னரை உருவாக்கும் டாக்கர்ஃபைலை நிரலின் கிட் களஞ்சியத்திலேயே வைத்துவிடுங்கள். கட்டிய நிரலை போர்டுக்கு அனுப்பும் முன் ரீட்எல்ஃப்பிடம் அதன் பதிப்புத் தேவைகளைக் கேட்டு, 2.31க்கு மேல் ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.